எலோ என்பது ஒரு மனிதரின் பெயர்

இணைய விளையாட்டில் தோற்றவர்கள் பெரும்பாலும் ஒரே பல்லவியைத்தான் பாடுவார்கள்: நான் நன்றாகத்தான் ஆடினேன், எனக்கு வாய்த்த அணிதான் சரியில்லை. மொபைல் லெஜண்ட்ஸ் ஆடுபவர் எபிக் தரநிலையைத் தாண்ட முடியாமல் மாதக்கணக்கில் தவிப்பார். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆடுபவர், எலோ நரகத்தில் மாட்டிக்கொண்டேன் என்று புலம்புவார். நரகம் இருக்கட்டும், அந்த எலோ யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. மூன்று ஆங்கில எழுத்துகளையும் பெரிய எழுத்தாகவே போட்டு, ஏதோ ஒரு நீண்ட தொடரின் சுருக்கம் போல எழுதுகிறார்கள்.

அது சுருக்கம் அன்று. ஒரு மனிதரின் குடும்பப் பெயர். அர்பாட் எலோ என்ற இயற்பியல் ஆசிரியர் 1903ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் தேதி பிறந்தார். மேற்கு ஹங்கேரியில், பாப்பா என்ற நகரை அடுத்த ஒரு சிற்றூர் அவருடைய ஊர். ஹங்கேரிய மொழியில் குடும்பப் பெயரை முதலில் சொல்வது வழக்கம். ஆக அவர் அங்கே எலோ அர்பாட். எலோ என்ற சொல்லுக்கு அந்த மொழியில் உயிருள்ள என்று பொருள். இறந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலான ஒருவரின் பெயர் ஒவ்வொரு நாளும் இத்தனை பேர் வாயில் அடிபடுவதைப் பார்த்தால், பொருத்தமான பெயர்தான்.

1913இல், பத்து வயதுச் சிறுவனாகப் பெற்றோருடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் வெடித்தது. போர் முடிந்தபோது அவர் விட்டுவந்த ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு வரைபடத்திலேயே இல்லை. புதிய நாட்டில், புதிய மொழியில் படித்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டமும் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பிறகு விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் உள்ள மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிக்கச் சேர்ந்தார். பணி ஓய்வு பெறும்வரை பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தார். அவருடைய தொழில் வாழ்க்கையைப் பற்றி இதற்கு மேல் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நோபெல் பரிசு இல்லை, பெயர் சொல்லும் இயற்பியல் விதி இல்லை.

மாலை வேளைகளும் வார இறுதிகளும்தான் வேறு கதை. அக்காலத்தில் மில்வாக்கி அமெரிக்காவின் முன்னணிச் சதுரங்க நகரங்களில் ஒன்று. 1930களில் அந்நகரின் மிக வலுவான ஆட்டக்காரர் எலோதான். விஸ்கான்சின் மாநில வெற்றியாளர் பட்டத்தை எட்டு முறை வென்றார். ஆடியதோடு நிற்காமல் நிர்வாக வேலைகளையும் இழுத்துப் போட்டுக்கொண்டார். 1930களின் நடுவில் அமெரிக்காவில் இருந்த இரண்டு சதுரங்க அமைப்புகளில் ஒன்றுக்குத் தலைவராக இருந்தார். 1939இல் அவ்விரண்டும் இணைந்து அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு உருவானபோது, அதைத் தோற்றுவித்தவர்களில் அவரும் ஒருவர்.

நல்ல ஆட்டக்காரர்தான், ஆனாலும் உலகத் தரத்தினர் அல்லர். இது அவருக்கே நன்றாகத் தெரியும். 1957இல் மில்வாக்கியில் நடந்த ஒரு போட்டியில், ஐம்பது வயதைக் கடந்துவிட்ட எலோவின் எதிரே 14 வயதுப் பையன் ஒருவன் வந்து உட்கார்ந்தான். பேராசிரியர் தோற்றார். பையனின் பெயர் பாபி ஃபிஷர். இந்தப் பையன் நம் கதையில் மீண்டும் வருவான்.

இனி கணக்குக்கு வருவோம்.

ஒரு சதுரங்கப் போட்டிக்கு நூறு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரை யாருடன் ஆடவிடுவது? புதிதாகக் கற்றவரை முதல்நிலை ஆட்டக்காரரிடம் தள்ளிவிட்டால் இருவருக்கும் அந்த மாலை வீண். எல்லாரும் எல்லாருடனும் ஆட நேரம் போதாது. இதற்காகத்தான் சுவிஸ் முறை என்ற ஏற்பாடு வந்தது. அதில் ஒவ்வொரு சுற்றிலும் வென்றவர் வென்றவருடனும் தோற்றவர் தோற்றவருடனும் மோதுவார்கள். இன்று உங்கள் கைப்பேசி சில நொடிகளில் செய்யும் மேட்ச்மேக்கிங்கின் காகித வடிவம் இது. ஆனால் முதல் சுற்றுக்கு யார் வலுவானவர், யார் புதியவர் என்று முன்கூட்டியே தெரிய வேண்டுமே. அதற்கு ஓர் எண் தேவைப்பட்டது.

அந்த எண்ணை முதலில் கொடுத்தவர் எலோ அல்லர். கென்னத் ஹார்க்னஸ் என்பவர் 1950இல் அமெரிக்கக் கூட்டமைப்புக்கு ஒரு தரப்புள்ளி முறையைக் கொண்டுவந்தார். சுவிஸ் முறையை அமெரிக்காவில் பரப்பியதிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அவருடைய கணக்கு எளிது. ஒரு போட்டியில் நீங்கள் சந்தித்த எதிராளிகளின் சராசரிப் புள்ளியை எடுத்துக்கொள்ள வேண்டும். சரிபாதி வெற்றி பெற்றிருந்தால் அந்தச் சராசரிதான் அந்தப் போட்டியில் உங்கள் தரம். பாதிக்கு மேல் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் 10 புள்ளி கூட்டல், பாதிக்குக் கீழ் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் 10 புள்ளி கழித்தல்.

எளிமையான கணக்குதான், ஓட்டை பெரிது. 1500 புள்ளி உள்ள ஒருவர் துணிந்து ஒரு பெரிய போட்டியில் சேர்கிறார். எதிராளிகளின் சராசரி 2200. எல்லா ஆட்டத்திலும் தோற்கிறார், அதாவது வெற்றி சுழியம் விழுக்காடு. கணக்குப்படி 2200இலிருந்து 500 கழிகிறது, மீதி 1700. ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் அவர் தம்முடைய 1500ஐவிட மேலாக ஆடியதாகக் காகிதம் சொல்லும்! இதன் மறுபக்கம் இன்னும் கொடுமை. 2000 புள்ளிக்காரர், சராசரி 1400 உள்ள எதிராளிகளை ஒருவர் விடாமல் தோற்கடிக்கிறார். 1400உடன் 500 கூட்டினால் 1900. அத்தனை ஆட்டமும் வென்று புள்ளியை இழப்பார். வலுவான அணியில் ஒட்டிக்கொண்டு ஒன்றும் செய்யாமலே மேலே ஏறிய நண்பர் எல்லார் வட்டத்திலும் ஒருவர் இருப்பார். அவருடைய முன்னோர்கள் 1950களிலேயே இருந்திருக்கிறார்கள்.

1950களின் இறுதியில் கூட்டமைப்பு இந்த முறையைச் சீர்படுத்த ஒரு குழு அமைத்து, அதன் பொறுப்பை எலோவிடம் கொடுத்தது. இங்கேதான் இயற்பியல் ஆசிரியர் உள்ளே வருகிறார்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்பியின் நீளத்தைப் பத்து முறை அளந்தால் பத்து முறையும் ஒரே விடை வராது என்பது இடைநிலைப்பள்ளி மாணவருக்கே தெரியும். விடைகள் ஓர் எண்ணைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும். எலோ ஒரு சதுரங்க ஆட்டத்தையும் அப்படித்தான் பார்த்தார். ஓர் ஆட்டக்காரருக்குள் மாறாத திறன் என்று ஒன்று இருந்து, அது ஒவ்வொரு நாளும் அப்படியே வெளிப்படுவதில்லை. நேற்று நன்றாகத் தூங்கியிருப்பார், பிரமாதமாக ஆடுவார். இன்று தலைவலி, அற்பமான தவறு செய்வார். ஒவ்வோர் ஆட்டத்திலும் வெளிப்படும் திறன் ஒரு சராசரியைச் சுற்றி மணி வடிவ வளைகோடாகச் சிதறுகிறது. அந்தச் சராசரிதான் நாம் தேடும் எண். ஆனால் அதை நேரடியாகப் பார்க்க வழியில்லை. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் வெற்றி, தோல்வி, சமநிலை ஆகிய மூன்றே.

எனவே அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். இவர் எவ்வளவு வலுவானவர் என்று கேட்காமல், இவ்விருவருக்கும் இடையே உள்ள புள்ளி வேறுபாட்டுக்கு எவ்வளவு வெற்றியை எதிர்பார்க்கலாம் என்று கேட்டார். வேறுபாடு இல்லை என்றால் 50 விழுக்காடு. 100 புள்ளி வேறுபாடு என்றால் வலுவானவருக்கு 64 விழுக்காடு. 200 என்றால் 76. 400 என்றால் சுமார் 91. ஆட்டம் முடிந்தபின் எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து, அந்த அளவுக்கு மட்டும் புள்ளியை நகர்த்த வேண்டும்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் 20 புள்ளி கைமாறலாம் என்று வைத்துக்கொள்வோம். 1600 புள்ளிக்காரரும் 1400 புள்ளிக்காரரும் மோதுகிறார்கள். 1600 வென்றால் அவருக்கு 5 புள்ளிதான் கிடைக்கும், எல்லாரும் எதிர்பார்த்ததுதானே. தோற்றாலோ 15 புள்ளி போய்விடும். சமநிலையில் முடிந்தாலும் அவருக்கு 5 புள்ளி நட்டம். ஹார்க்னஸின் இரண்டு ஓட்டைகளும் அடைபட்டன. தோற்றவர் ஏற மாட்டார், வென்றவர் இறங்க மாட்டார். முதன்மை ஆட்டக்காரருக்கு 2200 என்பதைப் போன்ற பழைய எண்களையும் 200 புள்ளிக்கு ஒரு படி என்ற வழக்கத்தையும் எலோ அப்படியே வைத்துக்கொண்டார். மக்கள் பழகிய எண்களை மாற்றிக் குழப்ப வேண்டாம் என்ற நல்ல எண்ணம். கணித மேதைகளுக்கு எப்போதும் தோன்றாத விவேகம் இது.

அமெரிக்கக் கூட்டமைப்பு 1960இல் இந்த முறையை ஏற்றது. உலகம் ஏற்க இன்னும் பத்து ஆண்டுகள் பிடித்தன. உலக அரங்கில் இன்னார் பெரிய ஆட்டக்காரர் என்று அறிவிக்கும் வேலையைப் பெரும்பாலும் குழுக்கள்தாம் செய்துவந்தன. ஃபிடே எனப்படும் அனைத்துலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1950இல் முதன்முதலாக 27 பேருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியபோது, அது பேசி முடிவெடுத்த பட்டியல். பேச்சு என்று வந்துவிட்டால் நாட்டுப் பற்று வரும், பனிப்போர் வரும், வேண்டியவர் வேண்டாதவர் வருவார்கள். எலோவின் எண்ணுக்குக் கடவுச்சீட்டு தெரியாது. யாருடன் ஆடினாய், என்ன ஆயிற்று என்று மட்டுமே அது கேட்கும். பெரிய நாட்டின் சங்கத்தில் ஆள் பழக்கம் இல்லாத ஓர் இளையருக்கு இது எவ்வளவு பெரிய கதவு என்று நினைத்துப் பாருங்கள். 1970இல் ஃபிடே அந்த முறையை ஏற்றுக்கொண்டது.

அடுத்த ஆண்டு வெளியான பட்டியலின் உச்சியில் 2760 புள்ளிகளுடன் நின்றவர், மில்வாக்கியில் பேராசிரியரைத் தோற்கடித்த அதே பாபி ஃபிஷர். 1972 தொடக்கத்தில் அவருக்கு 2785, உலக வெற்றியாளர் போரிஸ் ஸ்பாஸ்கிக்கு 2660. அவ்வாண்டு ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரில் இருவரும் மோதியதை உலகமே பார்த்தது. 125 புள்ளி வேறுபாட்டுக்கு எலோவின் கணக்கு ஃபிஷருக்குக் கிட்டத்தட்ட 67 விழுக்காடு தரும். பலகையில் உண்மையாக ஆடப்பட்டவை 20 ஆட்டங்கள் (ஓர் ஆட்டத்துக்கு ஃபிஷர் வரவே இல்லை). அவற்றில் அவர் எடுத்தது பன்னிரண்டரை, அதாவது 62.5 விழுக்காடு. கணக்கு மிக அருகில்தான் நின்றது. அத்தனை அரசியல் பரபரப்புக்கு நடுவே அந்த அமைதியான எண் தன் வேலையைச் செய்திருக்கிறது.

1970களில் ஃபிடே பட்டியலுக்கான கணக்கில் பெரும்பகுதியை எலோவே போட்டார். அறை நிறையக் கணினிகள் ஒன்றும் இல்லை. ஒரு கைக்கணிப்பானை வைத்துக்கொண்டு, அஞ்சலில் வந்த போட்டி முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்ட கணக்கு. ஆர்வம் அதோடும் அடங்கவில்லை. இறந்துபோன மேதைகளின் பழைய ஆட்ட முடிவுகளைத் தோண்டியெடுத்து அவர்களுக்கும் புள்ளி கணக்கிட்டார். கப்பாபிளாங்காவின் உச்சக் காலத்துக்கு 2725, லாஸ்கருக்கு 2720 என்று 1978இல் வெளியிட்ட நூலில் பட்டியலே போட்டார். வயதுக்கும் ஆட்டத் திறனுக்கும் உள்ள உறவை ஆராய்ந்து 1965இல் முதுமையியல் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். முதல்நிலை ஆட்டக்காரர்கள் முப்பதுகளின் நடுவில் உச்சத்தைத் தொடுகிறார்கள் என்பது அவர் கண்டது. இருபது வயதிலேயே தனக்கு வயதாகிவிட்டது என்று வருத்தப்படும் மின்விளையாட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

தம் கண்டுபிடிப்பைப் பற்றி அவருக்கு மிகை மதிப்பு இருந்ததே இல்லை. இதுதான் அவரிடம் எனக்கு மிகப் பிடித்தது. ஒருவருடைய தரப்புள்ளியைக் கணக்கிடுவதை, தண்ணீரில் ஏறி இறங்கும் ஒரு தக்கையின் இடத்தை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பதோடு ஒப்பிட்டார். தக்கையும் அசைகிறது, அளவுகோலும் அசைகிறது. இதில் இரண்டு புள்ளி ஏறியது, மூன்று புள்ளி இறங்கியது என்று தூக்கம் கெடுவதில் என்ன பொருள்? இந்த எண் அளப்பதற்கான கருவி மட்டுமே, பரிசாகவோ தண்டனையாகவோ கொடுக்க வேண்டியது அன்று என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். இளம் ஆட்டக்காரர்கள் பலகையைவிடத் தங்கள் புள்ளியையே உற்றுப் பார்க்கத் தொடங்கியபோது, பூதத்தை உருவாக்கிவிட்டோமோ என்ற வருத்தம் அவருக்கே வந்தது.

இப்போது நம் கைப்பேசிக்கு வருவோம். எலோவின் முறை ஓர் ஆள் ஓர் ஆளோடு மோதுவதற்காகச் செய்யப்பட்டது. முடிவு நூற்றுக்கு நூறு உங்கள் இருவருடையது. வாய்த்த கூட்டாளியைக் குறை சொல்லச் சதுரங்கத்தில் வழியே இல்லை. ஐவர் ஐவரோடு மோதும் ஆட்டத்தில் நீங்கள் பத்தில் ஒருவர். மற்ற ஒன்பது பேரின் நல்ல நாளும் கெட்ட நாளும் உங்கள் புள்ளியில் வந்து விழுகின்றன. ஒரு தக்கையை அளந்துகொண்டிருந்தவரிடம் பத்துத் தக்கைகளை ஒன்றாகக் கட்டிக் கொடுத்து அதில் ஒன்றை மட்டும் அளக்கச் சொன்னால் எப்படி?

சராசரி என்பதும் ஏமாற்றும். 1500 புள்ளி உள்ள நால்வரோடு 1000 புள்ளி உள்ள ஒருவர் சேர்ந்தால் அணியின் சராசரி 1400. எதிரணியில் ஐவரும் 1400. ஏட்டுக்கணக்கில் இரண்டும் சமம். ஆனால் ஆடிப் பார்த்தவர்களுக்கு என்ன நடக்கும் என்று தெரியும். எதிரணி அந்த 1000 புள்ளிக்காரரை முதல் சில நிமிடங்களிலேயே கண்டுபிடித்துவிடும். அவரைத் திரும்பத் திரும்ப வீழ்த்தித் தங்கம் சேர்க்கும். அந்தத் தங்கத்தில் வாங்கிய ஆயுதத்தோடு மற்ற நால்வர் மேலும் பாயும். பலவீனம் கூட்டிக் கழிக்கும் எண்ணாக இல்லாமல் ஓட்டைக் குடமாக ஆகிவிடுகிறது. தோற்றபின் ஐந்து பேரின் புள்ளியும் இறங்கும். அந்த நால்வர் எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் சரி.

இதைச் சரிசெய்யப் பலர் முயன்றிருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் எக்ஸ்பாக்ஸுக்காக 2005ஐ ஒட்டி ட்ரூஸ்கில் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அது ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்களை வைத்திருக்கும். உங்கள் திறன் இவ்வளவு என்பது ஒன்று. அதில் எனக்கு இவ்வளவு ஐயம் என்பது இன்னொன்று. புதியவர் மேல் ஐயம் அதிகம் என்பதால் அவருடைய எண் வேகமாக நகரும், ஆட ஆட நிதானமாகும். அணியின் முடிவிலிருந்து தனியாளின் திறனைப் பிரித்தெடுக்கவும் அது முயலும். அதற்கு அணியின் திறனை ஐவரின் திறன்களது கூட்டுத்தொகையாக எடுத்துக்கொள்ளும். அந்த எடுகோள் எவ்வளவு தூரம் சரி என்பதை மேலே சொன்ன ஓட்டைக் குடத்தை நினைத்து நீங்களே முடிவுசெய்யலாம்.

அப்படியானால் கூட்டாளிகள்தாம் காரணம் என்ற பல்லவி சரியா? ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னால் சரியாக இருக்கலாம். முன்னூறு ஆட்டங்களைப் பற்றிச் சொன்னால் சரியாக இராது. உங்கள் பக்கம் வரும் நால்வரும் எதிர்ப்பக்கம் வரும் ஐவரும் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். மட்டமான ஆட்டக்காரர் உங்களிடம் வருவதைவிட எதிரணிக்குப் போகும் வாய்ப்புதான் சற்று அதிகம். அங்கே ஐந்து இடங்கள், இங்கே நான்குதான். முன்னூறு ஆட்டத்திலும் மாறாமல் இருப்பவர் நீங்கள் ஒருவரே. எலோவின் கணக்கு அணி ஆட்டத்தில் பொய்யாவதில்லை, மிக மெதுவாகிறது. சதுரங்கத்தில் முப்பது ஆட்டத்தில் தெரிவது இங்கே பல நூறு ஆட்டங்களில்தான் தெரியும். ஒரு சீசனில் ஐம்பது ஆட்டம் ஆடிவிட்டுத் தன் தரம் இதுதான் என்று பெருமைப்படுபவரும் அழுபவரும் அவசரக்காரர்கள்.

ஆட்கள் உண்மையிலேயே மாறிமாறி வருகிறார்கள் என்பது இதில் முக்கியமான நிபந்தனை. அது உடையும் இடங்கள் உண்டு. நள்ளிரவு மூன்று மணிக்கு ஆட வந்தால் இணைப்பில் இருப்பவர்கள் குறைவு. உங்களை அரைமணி நேரம் காக்கவைக்க முடியாதே என்று கணினி கிடைத்தவர்களைக் கூட்டிச் சேர்க்கும். நண்பர்கள் கூட்டாகச் சேர்ந்து வந்தால் அவர்களுக்கிடையே இருக்கும் தர வேறுபாட்டையும் சேர்த்தே விழுங்க வேண்டும். எல்லாவற்றையும்விட மோசம் ஸ்மர்ஃப் கணக்குகள். கைதேர்ந்தவர் புதிய கணக்கைத் திறந்து கற்றுக்குட்டிகளோடு ஆடுவார். அவருக்குப் பொழுதுபோக்கு, எதிரே இருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த மாலை நாசம். போதிய ஆட்டங்கள் ஆடாதவரின் எண்ணை நம்பக்கூடாது என்பது சதுரங்க உலகுக்குப் பழைய பாடம். தெரிந்தே பொய்யான எண்ணோடு வருபவரை எந்தச் சூத்திரமும் முதல் ஆட்டத்திலேயே பிடிக்காது.

மூடிய வட்டம் இன்னொரு சிக்கல். எலோவின் எண் உங்களோடு ஆடியவர்களை வைத்து மட்டுமே பொருள் பெறும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சிறையில் இருந்த ஒரு கைதி, பெரும்பாலும் சக கைதிகளோடே ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடி, 1996இல் அமெரிக்கத் தரப்பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார். வெளியுலக வல்லுநர்களோடு ஆடியிருந்தால் அந்த இடத்துக்கு வந்திருக்கவே மாட்டார். வெவ்வேறு வட்டாரச் சேவையகங்களில் ஒரே தரநிலைப் பெயரை வைத்திருக்கும் இருவர் மோதும்போது ஒருவர் ஏன் நொறுங்கிப் போகிறார் என்பதற்கும் இதே காரணம்தான்.

இன்றைய விளையாட்டு நிறுவனங்கள் எலோவின் கருவியை இரண்டாக உடைத்துவிட்டன என்பது என் கருத்து. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் போன்ற விளையாட்டில் உங்கள் உண்மையான அளவு எம்எம்ஆர் என்ற பெயரில் திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. யாரோடு யாரைச் சேர்ப்பது என்பதை அதுதான் தீர்மானிக்கும். திரைக்கு முன்னால் உங்களுக்குக் காட்டுவது வெண்கலம், வெள்ளி, தங்கம், பளபளக்கும் பதக்கம். மொபைல் லெஜண்ட்ஸில் வென்றால் ஒரு நட்சத்திரம், தோற்றால் ஒரு நட்சத்திரம் போகும். அந்த நட்சத்திரத்துக்கு எதிராளி யானையா பூனையா என்ற கவலை இல்லை. பாதிக்குச் சற்றுக் கூடுதலாக வெல்பவர் நிறைய ஆடினால் போதும், ஏறிக்கொண்டே இருப்பார். அளவுகோலை மறைத்துவிட்டு மிட்டாயைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். எலோ எதை வேண்டாம் என்றாரோ அதுவேதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நல்ல மேட்ச்மேக்கிங் உங்களுக்கு நிகரானவர்களைத் தேடித் தருகிறது. நிகரானவர்களோடு ஆடினால் பாதி வெற்றி, பாதி தோல்வி. எலோ நரகம் என்று பிள்ளைகள் அழைக்கும் அந்த இடம் பெரும்பாலும் கணக்கு சரியாக உட்கார்ந்துவிட்ட இடம்தான். இரண்டில் ஒன்று தோற்பது யாருக்கும் பிடிப்பதில்லை. ஆனால் மற்றவர் பக்கத்திலிருந்து பார்த்தால், நீங்கள் தோற்கும் ஒவ்வோர் ஆட்டத்திலும் அங்கே ஐந்து பேர் நிம்மதியாகக் கைப்பேசியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். நேற்றிரவு நீங்கள் திட்டித் தீர்த்த அந்தக் கூட்டாளியும் 1500 புள்ளிக்காரராகவே இருக்கலாம், அன்று 1300 போல ஆடியிருக்கலாம். தேர்வு வாரத்தில் தூக்கக் கலக்கத்தோடு ஆடும்போது நீங்களும் வேறு நால்வருக்கு அப்படித்தான் வாய்த்திருப்பீர்கள்.

எலோவின் சூத்திரம் சதுரங்கத்தைத் தாண்டி எங்கெங்கோ போய்விட்டது. ஃபிஃபா 2018இல் ஆண்கள் காற்பந்துத் தரவரிசைக்கு அதே வழியிலான கணக்கை ஏற்றது. ஃபேஸ்புக் பிறந்த கதையைச் சொன்ன 2010ஆம் ஆண்டுத் திரைப்படத்தில், மாணவர் விடுதியின் சன்னல் கண்ணாடியில் இந்தச் சூத்திரத்தை எழுதுவார்கள்; பெண்களின் முகங்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதற்காக! சாட்பாட்களில் எது சிறந்தது என்று ஒப்பிடவும் 2023 முதல் இதைப் பயன்படுத்துகிறார்கள். விஸ்வநாதன் ஆனந்த் 2006இல் 2800ஐக் கடந்தபோது, சதுரங்கமே ஆடத் தெரியாத தமிழ்க் குடும்பங்களிலும் அந்த எண் பேசுபொருளானது. கிராண்ட்மாஸ்டர் ஆக விரும்பும் எந்த நாட்டுப் பிள்ளையும் இன்று எட்ட வேண்டிய 2500 என்ற கோடும் எலோவின் அளவுகோலில் கிழித்ததுதான்.

இவற்றில் பெரும்பாலானவற்றை அவர் பார்க்கவில்லை. 1992 ஜனவரியில் முதல் இணையச் சதுரங்கச் சேவையகம் திறக்கப்பட்டது. முகம் தெரியாத இருவர், வெவ்வேறு நாடுகளில் இருந்தபடி, கணினித் திரையில் ஆடத் தொடங்கினார்கள். அதே ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி, மில்வாக்கியை அடுத்த புரூக்ஃபீல்டில் தம் வீட்டில் அர்பாட் எலோ காலமானார். அப்போது அவருக்கு வயது 89.